மார்பைப் பெரிதாக்கும் அறுவை: ஓய்வு கைகளுக்கு, கணக்கு அளவுக்கு

கேள்வி சுருக்கமாக இதுதான். வயது 32. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து நிறுத்தி ஓராண்டாகிறது. மார்பு வற்றிச் சுருங்கிவிட்டது. சிலிக்கான் இம்பிளாண்ட் (மார்புக்குள் வைக்கும் சிலிக்கான் பை) வைத்துக்கொண்டால் அறுவை எப்படி நடக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாளில் அடுப்படிக்கும் அலுவலகத்துக்கும் திரும்பலாம், பின்னால் என்ன தொல்லை வரும்?

இந்த அறுவையைப் பற்றிப் பேசும் பலரும் கத்தி, தையல், வலி என்றுதான் தொடங்குவார்கள். அது ஒன்றரை மணி நேர வேலை. ஆண்டுகள் கழித்து வரும் தொல்லைகள் பலவற்றுக்கு விதை அதற்கும் முன்னால், அளவு முடிவாகும் நாளிலேயே விழுந்துவிடுகிறது. அதனால் அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

விவரம் தெரிந்த பிளாஸ்டிக் சர்ஜன் ‘எந்த கப் வேண்டும்’ என்பதோடு நிறுத்தமாட்டார், அளவு நாடாவை எடுப்பார். மார்பின் அடி அகலம், கழுத்துக்குழியிலிருந்து காம்பு வரை உள்ள தூரம், காம்பிலிருந்து மார்புக்கு அடியில் இருக்கும் மடிப்பு வரை உள்ள தூரம், தோல் எவ்வளவு இழுபடுகிறது, மேல்பகுதியைக் கிள்ளிப் பிடித்தால் எத்தனை செ.மீ. தடிமன் வருகிறது, இவ்வளவையும் குறித்துக்கொள்வார். அடி அகலம் 12 செ.மீ. என்றால் அதற்குள் அடங்கும் இம்பிளாண்டைத்தான் வைக்க முடியும். அதே அகலத்தில் முன்னால் எவ்வளவு எடுப்பாக நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்து கொள்ளளவு கூடும், குறையும். பெரும்பாலானவர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் 200 முதல் 350 மில்லிக்குள் முடிந்துவிடும். ‘காசு கொடுக்கிறோம், இன்னும் 75 மில்லி கூட்டி வையுங்கள்’ என்று கேட்பதில்தான் வினை. 300 மில்லி இம்பிளாண்ட் ஏறக்குறைய 300 கிராம் எடை. அந்த எடை இரவும் பகலும் தொங்கும்போது மேலே உள்ள திசு மெலிகிறது, விளிம்பு தெரிகிறது, தோலில் அலை அலையாக மடிப்பு விழுகிறது, இம்பிளாண்ட் மடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறது. மெலிந்த திசுவை மீண்டும் தடிமனாக்குவது மிகக் கடினம். இரண்டு அளவுகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால் சிறியதைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மெல்லிய துணிப்பையிலோ சாக்ஸிலோ அரிசியை அளந்து கட்டி, சற்றுப் பெரிய பிராவுக்குள் வைத்து ஒரு நாள் முழுக்க வீட்டில் நடமாடிப் பாருங்கள். ஓர் உழக்கு என்பது 336 மில்லி, ஆழாக்கு அதில் பாதி. கண்ணாடியில் எடுப்பாகத் தெரிந்த அளவு, மாலையில் தோள்பட்டை வலிக்கும்போது வேறு மாதிரி தெரியும். அரிசி இம்பிளாண்டைவிட எடை குறைவு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கப் எழுத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் ‘சி’ இன்னொன்றில் ‘டி’. பிடித்த தோற்றத்தின் படங்கள் நாலைந்து கொண்டுபோய்க் காட்டினால் மருத்துவருக்குச் சட்டென்று புரியும்.

பால் கொடுத்து முடித்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது தொய்வு. கண்ணாடி முன் நேராக நின்று காம்பு அடி மடிப்புக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே இருந்தால் இம்பிளாண்ட் மட்டுமே போதும். கீழே இறங்கியிருந்தால் இம்பிளாண்ட் அதைத் தூக்கி நிறுத்தாது. மேலே ஒரு மேடும் அதிலிருந்து வழிந்து தொங்கும் மார்புமாக இரண்டு தட்டாகத் தெரியும். அப்போது தூக்கிக் கட்டும் அறுவையும் சேர்த்துச் செய்ய வேண்டும். காம்பைச் சுற்றியும் அதிலிருந்து கீழே நேர்கோடாகவும் தழும்பு வரும். ‘தழும்பே இல்லாமல் இரண்டும் செய்துவிடலாம்’ என்பவரிடம் இன்னொரு முறை போக வேண்டாம். பால் முழுதாக வற்றி மூன்று முதல் ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. மூன்றாவது பிள்ளை எண்ணம் இருந்தால் அறுவையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. கர்ப்பத்தில் தோல் மறுபடி விரிந்து சுருங்கும், செய்த வேலை கலைந்துபோகலாம்.

அடுத்தது, இம்பிளாண்டை எங்கே வைப்பது. பால்சுரப்பிக்கு அடியிலா, மார்புத்தசைக்கு அடியிலா? மேல்பகுதியைக் கிள்ளினால் 2 செ.மீ.க்கும் குறைவாக வந்தால் தசைக்கு அடியில் வைத்தால்தான் விளிம்பு மறையும். பால் கொடுத்து வற்றிய மார்பில் பெரும்பாலும் நிலை அதுதான். இப்போது அதிகம் செய்யப்படும் முறையில் மேல்பாதி தசைக்கு அடியிலும் கீழ்ப்பாதி சுரப்பிக்கு அடியிலும் அமையும். தசைக்கு அடியில் வைத்தால் முதல் வாரம் வலி அதிகம், கையை அழுத்தி ஊன்றும்போது மார்பு அசைந்து கோணும். ஆனால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) சற்று எளிது, பின்னாளில் மார்பு இறுகிப்போகும் வாய்ப்பும் குறைவு. ஜிம்மில் எடை தூக்குபவராக இருந்தால் அந்த அசைவைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வெட்டு அடி மடிப்பில் 4 முதல் 5 செ.மீ. நீளத்தில் இருப்பது நல்லது. காம்பைச் சுற்றிப் போடும் வெட்டு பார்வைக்கு மறைவாக ஆறினாலும் பால்குழாய்கள் வழியே போகிறது. அந்தக் குழாய்களில் இயல்பாகவே கிருமிகள் உண்டு, அவை இம்பிளாண்டில் ஒட்டிக்கொள்ளலாம். பால் சுரப்பும் உணர்ச்சியும் குறைய வாய்ப்பும் இதில் கூடுதல். அக்குள் வழியே வைத்தால் மார்பில் தழும்பே இராது. ஆனால் பின்னாளில் ஏதாவது சரிசெய்ய நேர்ந்தால் எப்படியும் அடி மடிப்பைத்தான் திறப்பார்கள்.

இம்பிளாண்டின் மேற்பரப்பு வழுவழுப்பா, சொரசொரப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொரசொரப்பான வகையோடு அரிய நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று தொடர்புடையதாகத் தெரிந்ததால், 2019 ஜூலையில் அல்லர்கன் கம்பெனியின் பயோசெல் வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அந்த நோய் மார்பகப் புற்றுநோய் அல்ல, இம்பிளாண்டைச் சுற்றி உடல் பின்னும் நார் உறையில் வருவது. காரணம் சொல்லாமல் சொரசொரப்பு வகையைப் பரிந்துரைத்தால், ‘ஏன் வழுவழுப்பு வேண்டாம்’ என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மாத்திரை, எண்ணெய், கிரீம், உறிஞ்சும் பம்பு எதனாலும் மார்பு நிலையாகப் பெரிதாகாது. மார்புக்குள் ஜெல் அல்லது திரவ சிலிக்கானை ஊசியில் ஏற்றுவது ஆபத்து. அது பரவிக் கட்டிகட்டியாகி, பின்னர் முழுவதையும் எடுக்க முடியாமல் போகும். உடலின் கொழுப்பை உறிஞ்சி மார்பில் செலுத்துவது ஏற்கப்பட்ட வேறொரு முறை. செலுத்தியதில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தங்கும், ஒரு தடவைக்கு ஒரு கப் அளவு ஏறினாலே அதிகம். உடலில் கொழுப்பு குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது.

இதைப் படிக்கும் திருநங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஹார்மோன் எடுக்கத் தொடங்கிக் குறைந்தது ஓராண்டாவது ஆகட்டும். மார்பு தானாக வளர வளர இம்பிளாண்டை மூடும் திசு கூடுகிறது, அமைப்பும் இயல்பாக வருகிறது. மார்புக்கூடு அகலமாக இருப்பதால் நடுவில் இடைவெளி தெரியும். அதை மூடப் பெரிய அளவு வைப்பதில் மேலே சொன்ன அதே சிக்கல்தான்.

இனி அறுவைக்கு வருவோம். குறைந்தது நாலு வாரம் முன்னதாகப் புகையிலையை எந்த வடிவிலும் நிறுத்த வேண்டும். நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கித் தோலைக் கருக வைக்கும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, சித்த ஆயுர்வேத லேகியம், சூரணம் எதுவானாலும் மறைக்காமல் பட்டியல் போட்டுக் கொடுங்கள். சில ரத்தக் கசிவைக் கூட்டும், எதை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மேமோகிராமும், இளையவர்களுக்குத் தேவைக்கேற்ப அல்ட்ராசவுண்டும் எடுப்பார்கள். ரத்தப் பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை, இசிஜி வழக்கமானவை. கடைசியாகச் சாப்பிட்டு ஆறு மணி நேரமும் வெறும் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும். ரத்தக் கசிவை நிறுத்த மின்சூட்டுக் கருவி பயன்படுத்துவதால் நகையெல்லாம் கழற்ற வேண்டும். கழுத்துக்குக் கீழே முழுதும் மருந்திட்டுத் துடைப்பதால் தாலிக்குப் பதிலாகக் கட்டிக்கொள்ளும் மஞ்சள் கயிறும் அங்கே இருக்க முடியாது. வீட்டுப் பெரியவர்களிடம் இதை முந்தைய நாளே பேசி முடித்துவிட்டால் அறுவை அறை வாசலில் மனக்கஷ்டம் இராது.

அன்று காலை உங்களை நிற்க வைத்து மார்பில் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் அளவெல்லாம் மாறிவிடும் என்பதால் இது நின்றபடிதான் நடக்க வேண்டும். முழு மயக்கம், நோய்க்கிருமி எதிர்ப்பு ஊசி, வெட்டு, இம்பிளாண்டுக்கான பை போன்ற இடத்தைப் பிரித்தெடுப்பது, ரத்தக் கசிவை ஒவ்வொன்றாக அடைப்பது, மருந்து நீரால் அலசுவது, கையுறை மாற்றுவது, பிறகுதான் இம்பிளாண்ட். மருதாணிக் கூம்பு மாதிரி ஓர் உறையில் போட்டுப் பிதுக்கி உள்ளே செலுத்தும் முறை நல்லது, தோலைத் தொடாமல் போவதால் கிருமி ஒட்டுவது குறையும். முதல் முறை அறுவைக்கு ரத்தம் வடியும் குழாய் பொதுவாகத் தேவைப்படாது. அன்று மாலையோ மறுநாள் காலையோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வலி எப்படி இருக்கும் என்று கேட்டால், பால் கட்டிக்கொண்ட மூன்றாம் நாளை நினைத்துப் பாருங்கள். அந்த இறுக்கமும் கனமும், அதோடு நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்தது போன்ற அழுத்தமும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். காலையில் எழும்போதுதான் அதிகமாகப் பிடித்துக்கொள்ளும், நடமாடத் தொடங்கியதும் தளரும். ஒரு வாரத்தில் பெரும்பாலோருக்கு பாரசிட்டமால் மட்டுமே போதும் என்றாகிவிடும். 650 மி.கி. மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்பது வழக்கம். சளிக்கும் காய்ச்சலுக்கும் எடுக்கும் மாத்திரையிலும் அதே மருந்து இருக்கும், இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். டிரமடால் போன்ற வலி மருந்து கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரும். முக்குவது மார்புத்தசையை இறுக்கும் என்பதால் முதல் நாளிலிருந்தே தண்ணீர், கீரை, வாழைப்பழம் எல்லாம் வேண்டும். கத்தரிக்காய், மீன், முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பத்தியம் போடுவார்கள். தேவையில்லை. காயம் ஆற புரதம் வேண்டும், முட்டையும் மீனும் பருப்பும் நன்றாகச் சாப்பிடுங்கள்.

அறுவை நடந்தது மார்பில் என்றாலும் ஓய்வு தேவைப்படுவது கைகளுக்கு. மார்புத்தசை மேல்கையில்தான் போய் முடிகிறது. கையை அழுத்தும்போதும் இழுக்கும்போதும் அந்தத் தசை சுருங்கி இம்பிளாண்டை மேலேயும் வெளியேயும் தள்ளும், புதிதாக ஆறும் ரத்தக்குழாயையும் பிய்த்துவிடும். முதல் இரண்டு வாரம் முழங்கை தோள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு கையில் 2 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், ஈரத்துணி வாளி, கிரைண்டர் கல், சப்பாத்தி மாவு பிசைவது, துணி முறுக்கிப் பிழிவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பது எல்லாமே இதில் அடக்கம். பின்னல் போடக்கூட இன்னொருவர் வேண்டும். மேல் அலமாரியில் இருக்கும் டப்பாக்களை முந்தைய நாளே இறக்கி இடுப்பு உயரத்தில் வையுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை 11, 12 கிலோ இருக்கும். நாலு முதல் ஆறு வாரம் அதைத் தூக்க முடியாது. நீங்கள் உட்கார்ந்துகொண்டு பிள்ளையை மடிக்கு ஏறி வரச் சொல்லலாம். இந்த ஒன்றுக்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் அறுவையைத் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன். படுக்கையிலிருந்து கை ஊன்றி எழக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பிக் கால்களைத் தொங்கவிட்டு வயிற்றுத்தசையால் எழுங்கள், அல்லது யாராவது முதுகைத் தாங்கட்டும். தோளுக்கு அடியில் இரண்டு மூன்று தலையணை வைத்து மல்லாந்து தூங்குவது மூன்று வாரம் தொடர வேண்டும். கையை முழுதாகக் கட்டிப்போடவும் வேண்டாம். முகம் கழுவுவது, சாப்பிடுவது, தோளை மெதுவாகச் சுழற்றுவது முதல் நாளிலிருந்தே நடக்கட்டும், இல்லாவிட்டால் தோள்மூட்டு இறுகிவிடும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மணிக்கு ஒரு முறை அறைக்குள் நடப்பது அவசியம்.

குளிப்பது பொதுவாக 48 மணி நேரத்துக்குப் பின், மருத்துவர் அனுமதித்ததும் மக்கில் மொண்டு. தலைக்கு ஊற்றிவிட இன்னொருவர் இருக்கட்டும். குளம், கிணறு, கடல், நீச்சல்குளம் நாலு வாரம் வேண்டாம், குற்றாலத்து அருவியில் நெஞ்சைக் காட்டி நிற்க மூன்று மாதமாவது ஆகட்டும். கம்பி இல்லாத, முன்புறம் திறக்கும் சப்போர்ட் பிராவை நாலு முதல் ஆறு வாரம் இரவும் பகலும் போட வேண்டும். மேசை வேலைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாளில் போகலாம். நின்றே பார்க்கும் வேலை, பொருள் தூக்கும் வேலை என்றால் நாலு வாரம் விடுப்பு எடுங்கள். வலி மருந்தை நிறுத்தி, சட்டென்று பிரேக் போட்டாலும் வலிக்காது என்ற நிலை வந்த பிறகுதான் வண்டி. ஸ்கூட்டர் என்றால் இரண்டு மூன்று வாரம், ஸ்டாண்டு போடும் வேலையை இன்னொருவர் பார்க்கட்டும். ஓட்டம், யோகாவில் கை ஊன்றும் ஆசனங்கள், ஜிம் எல்லாம் ஆறு வாரத்துக்குப் பின்.

முதல் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்துப் பதறுவார்கள். மார்பு மேலே ஏறி, இறுகி, மேல்பகுதி பெட்டி மாதிரி இருக்கும். வீக்கம் வயிற்றுமேட்டுக்கு இறங்கும், மஞ்சளும் பச்சையுமாகக் கன்றிப்போயிருக்கும். தசை தளர்ந்து இம்பிளாண்ட் தன் இடத்தில் அமர மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இறங்காது. தையல்காரரிடம் புது அளவு ஜாக்கெட் கொடுப்பதை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே களக் களக் என்று சத்தம் கேட்கலாம், மிச்சமிருக்கும் காற்றும் நீரும்தான், மூன்று வாரத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். காம்பில் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்தது போலிருக்கும், அல்லது மரத்துப்போயிருக்கும், நரம்பு இழுபட்டதால் வருவது. பெரும்பாலும் மாதக்கணக்கில் சரியாகும், சிலருக்கு நிரந்தரமாகக் குறைந்துவிடும் என்பதையும் தெரிந்துதான் ஒப்புக்கொள்ள வேண்டும். மார்புக்கு அடியில் தோலுக்குள் கயிறு இழுத்துக் கட்டியது போல ஒரு கோடு தெரிந்தால் அது ரத்தம் உறைந்த சிறு ரத்தக்குழாய், சில வாரங்களில் கரைந்துவிடும், மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மசாஜ் செய்வதா வேண்டாமா என்பது இம்பிளாண்ட் வகையைப் பொறுத்தது. அறுவை செய்தவர் சொல்லாமல் நீங்களாகப் பிசையாதீர்கள்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது? ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கிக் கல்லாகி, வலி கூடிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் சேர்கிறது. பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில் நடக்கும், நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, மார்பு சிவந்து சுடுவது, தையலில் சீழோ நீரோ வடிவது கிருமித்தொற்றின் அடையாளம். கெண்டைக்கால் வீங்கி வலிப்பதும் மூச்சுத் திணறலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டியவை.

ஆண்டுக்கணக்கில் வருவதில் முதன்மையானது உறை இறுக்கம். உடல் எந்த அந்நியப் பொருளையும் சுற்றி மெல்லிய நார் உறை பின்னும், அது இயல்பு. அந்த உறை தடித்துச் சுருங்கினால் மார்பு உருண்டு, கடினமாகி, வலிக்கும். மருத்துவர்கள் இதை நாலு நிலையாகப் பிரிக்கிறார்கள். மூன்றும் நாலும் வந்தால் மறு அறுவை. உறைக்குள் ஒட்டிக்கொண்ட கிருமிகளின் மெல்லிய படலமும், அறுவையில் தேங்கிய ரத்தமும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்று கருதப்படுகிறது. அமெரிக்காவில் தயாரிப்புக் கம்பெனிகள் நடத்திய பத்தாண்டு ஆய்வுகளில், முதல் முறை பெரிதாக்கிக்கொண்ட பெண்களில் நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஏதோ ஒரு காரணத்துக்காக மறுபடி மேசையில் படுக்க வேண்டியிருந்தது. 32 வயதில் வைப்பவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது மாற்றவோ எடுக்கவோ நேரும் என்று கணக்கிட்டு, அந்தச் செலவையும் இப்போதே மனதில் வைக்க வேண்டும்.

சிலிக்கான் இம்பிளாண்ட் கிழிந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. அதனால்தான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., வைத்த ஐந்து அல்லது ஆறாம் ஆண்டில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்று என்று சொல்கிறது. மேமோகிராம் எடுக்கும்போது இம்பிளாண்ட் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். அதைப் பின்னால் தள்ளிப் பிடித்துக் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டும். ஓராண்டோ பத்தாண்டோ கழித்து ஒரு மார்பு மட்டும் திடீரென வீங்கினால் அந்த நீரை எடுத்து, நான் முன்பு சொன்ன நிணநீர்ப் புற்றுநோய்க்கான சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தீராத களைப்பு, மூட்டுவலி, மறதி என்று சில பெண்கள் சொல்கிறார்கள். இதை உறுதிசெய்ய ஒரு சோதனை இல்லாவிட்டாலும், இம்பிளாண்டை எடுத்த பின் நலமடைந்தவர்கள் உண்டு. ‘மனப்பிரமை’ என்று தள்ளிவிடும் மருத்துவரை விட்டு வேறொருவரைப் பாருங்கள்.

செலவில், அழகுக்காகச் செய்வதற்குக் காப்பீடு கிடைக்காது, 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேரும். கொடுக்கும் தொகையில் இம்பிளாண்ட், மயக்க மருந்து, பிரா, மறு அறுவை எவை அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இல் மார்பக அறுவைகளை இலவசமாகச் செய்யும் பிரிவு தொடங்கப்பட்டது. தனியாரிடம் போகும் முன் அரசு மருத்துவக் கல்லூரிகளின் பிளாஸ்டிக் சர்ஜரி புறநோயாளிப் பிரிவிலும் ஒரு தடவை விசாரிக்கலாம். எங்கே போனாலும் செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா என்று பாருங்கள். ‘காஸ்மெட்டாலஜி’ சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

வீட்டுக்குக் கிளம்பும் முன் இம்பிளாண்ட் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, வகை, கொள்ளளவு, தொடர் எண், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். 2010-இல் பிரான்சின் பி.ஐ.பி. கம்பெனி தொழிற்சாலைத் தர சிலிக்கானை அடைத்து விற்றது வெளிவந்தபோது, தங்களுக்குள் இருப்பது எது என்று தெரியாமல் பல நாட்டுப் பெண்கள் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தார்கள். அட்டையைப் படமெடுத்துப் போனில் ஒன்று, நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்று, ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கும் கோப்பில் அசல் என்று வைத்துவிடுங்கள்.